கோப்பின் நேரம் எண்ணாக வந்தால்: புதியவர்களுக்கான வழிகாட்டி

முதலில் இந்த ஐந்து வரிகளைப் பாருங்கள்.

1104022733
127484963330000000
3186867533
38347.2909
12698, 14170

ஐந்தும் ஒரே கணம்தான்: 2004 டிசம்பர் 26, இலங்கை நேரம் காலை 6 மணி 58 நிமிடம் 53 செக்கன். சுமாத்திராவுக்கு அப்பால் கடலடி அதிர்ந்த கணம். திருகோணமலையில் அந்த ஞாயிற்றுக்கிழமையை மறந்தவர்கள் குறைவு என்பதால் பரிசோதனைக்கு அதையே எடுத்திருக்கிறேன். விடை பிழைத்தால் யாரும் சொல்லாமலே தெரிந்துவிடும்.

பழைய கோப்புகளோடு வேலை செய்பவருக்கு இந்த ஐந்தும் ஒரே நாளில் கைக்கு வரலாம். நிலாவெளியிலிருந்து புறாத்தீவுக்குப் படகு ஓட்டும் ஒருவர் இருபது வருடப் படங்களை ஒழுங்குபடுத்தித் தரச் சொல்லி ஒரு பெட்டியைத் தருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அதில் கமெராவின் மெமரி கார்ட் இருக்கும், தண்ணீருக்கடியில் எடுத்த வீடியோ இருக்கும், விண்டோஸ் கணினி ஒன்றிலிருந்து எடுத்த கோப்புப் பட்டியல் இருக்கும், யாரோ எக்செலில் தட்டிவைத்த பயணக் கணக்கும் இருக்கும். எல்லாவற்றையும் நேர வரிசையில் அடுக்க வேண்டும். ஒவ்வொன்றும் நேரத்தை ஒவ்வொரு விதமாகச் சொல்கிறது.

கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

நேரம் ஓர் எண்ணாக வந்தால் நிரலில் ஒரு வரிகூட எழுதுவதற்கு முன் மூன்று விடயங்களைத் தெரிந்துகொள்ளுங்கள். எந்த நாளிலிருந்து எண்ணத் தொடங்கினார்கள்? எந்த அலகில் எண்ணினார்கள்? எந்த ஊர்க் கடிகாரத்தைப் பார்த்து எண்ணினார்கள்? முதல் இரண்டையும் எல்லோரும் கேட்பார்கள். மூன்றாவதை விட்டுவிடுவார்கள். நான் பார்த்த குழப்பங்களில் பெரும்பாலானவை அந்த மூன்றாவதிலிருந்து வந்தவைதான்.

லினக்ஸும் ஏனைய யுனிக்ஸ் குடும்பமும் 1970 ஜனவரி 1, யூடிசி (உலகப் பொது நேரம்) நள்ளிரவிலிருந்து செக்கன்களாக எண்ணுகின்றன. விண்டோஸின் ஃபைல்டைம் 1601 ஜனவரி 1 இலிருந்து எண்ணுகிறது. கிரகோரியன் நாட்காட்டியின் 400 வருடச் சுழற்சி ஒன்று அந்த ஆண்டில் தொடங்குவதால் லீப் வருடக் கணக்கு இலகுவாகும் என்று அதைத் தெரிவுசெய்தார்கள். அதன் அலகு செக்கன் அல்ல, 100 நனோசெக்கன். அதாவது ஒரு செக்கனுக்கு ஒரு கோடி. பழைய மக் கணினிகளின் கோப்பு முறையான எச்எஃப்எஸ் பிளஸ் 1904 ஜனவரி 1 இலிருந்து செக்கன்களை எண்ணியது. எம்பி4 வீடியோக்களின் உள்ளே இருக்கும் நேரமும் அதே 1904 கணக்குத்தான். மைக்ரோசொஃப்டின் நிரலாக்கத் தளமான டொட்நெட் கி.பி. 1 ஆம் ஆண்டிலிருந்து 100 நனோசெக்கன் அலகில் எண்ணும். ஆப்பிளின் புதிய நூலகங்களில் 2001 ஜனவரி 1 இலிருந்து செக்கன். எக்செல் 1900 இன் தொடக்கத்திலிருந்து நாட்களை எண்ணும். தசமத்துக்குப் பின்னால் வருவது அந்த நாளின் பின்னம்.

எண்ணைப் பார்த்தே இனம் காணல்

கோப்போடு விளக்கக் குறிப்பு எதுவும் வராவிட்டால் இலக்கங்களை எண்ணிப் பாருங்கள். இன்றைய காலத்து நேரம் என்றால் யுனிக்ஸ் செக்கன் 10 இலக்கம், 17 இல் தொடங்கும். 2027 ஜனவரி நடுவில் 18 ஆக மாறும். அதே நேரம் மில்லிசெக்கனில் 13 இலக்கம், மைக்ரோசெக்கனில் 16, நனோசெக்கனில் 19. ஜாவாவும் ஜாவாஸ்கிறிப்டும் வழக்கமாக 13 இலக்க எண்ணைத் தரும்.

10 இலக்கமாக இருந்து முதல் இலக்கம் 3 என்றால் அது 1904 குடும்பம். 18 இலக்கம் வந்தால் கொஞ்சம் நிதானியுங்கள். விண்டோஸ் ஃபைல்டைமும் டொட்நெட்டும் இரண்டுமே 18 இலக்கம். 13 இல் தொடங்கினால் முன்னது (2004 இன் எண் 12 இல் தொடங்குகிறது, மேலே பாருங்கள்), 63 இல் தொடங்கினால் பின்னது. நம்முடைய கணம் டொட்நெட்டில் 632396195330000000. ஐந்து இலக்கமும் ஒரு தசமமும் வந்தால் எக்செல் என்று பெரும்பாலும் நம்பலாம்.

கையால் ஒருமுறை போட்டுப் பாருங்கள்

நூலகம் ஒன்றை அழைத்தால் ஒரே வரியில் விடை வந்துவிடும். இருந்தாலும் ஒரு தடவையாவது கடதாசியில் செய்து பார்க்கச் சொல்வேன். செய்தவருக்குப் பிறகு பிழை எங்கே பிறக்கிறது என்று மணந்து பிடிக்கத் தெரியும்.

1104022733 ஐ 86400 ஆல் வகுங்கள். ஒரு நாளில் அத்தனை செக்கன். ஈவு 12778, மீதி 3533. மீதியை 60 ஆல் வகுத்தால் 58 நிமிடம் 53 செக்கன், மணித்தியாலம் பூச்சியம். ஆக யூடிசி நேரம் 00:58:53. இனி நாட்கள். 1970 இலிருந்து 2004 ஜனவரி 1 வரை 34 வருடம். 34 × 365 = 12410. இடையில் வந்த லீப் வருடங்கள் 1972 முதல் 2000 வரை எட்டு. மொத்தம் 12418. 12778 இலிருந்து அதைக் கழித்தால் 360 நாட்கள் எஞ்சும். ஜனவரி 1 ஐப் பூச்சியமாக வைத்து எண்ணுவதால் இது 2004 இன் 361 ஆவது நாள். லீப் வருடத்தில் நவம்பர் முடிய 335 நாள் போய்விடும், மிச்சம் 26. டிசம்பர் 26.

லீப் செக்கன்களை யுனிக்ஸ் கணக்கில் எடுப்பதில்லை. அதைப் பற்றி இப்போதைக்கு யோசிக்க வேண்டாம்.

யுனிக்ஸுக்கு வந்து சேர்ந்தால் மற்றதெல்லாம் கூட்டல் கழித்தல்தான். ஆகவே எந்த வடிவத்திலிருந்து எந்த வடிவத்துக்கு மாற்றுவதானாலும் யுனிக்ஸை நடுவில் வைத்துக்கொள்ளுங்கள். ஆறு வடிவங்களுக்கும் நேரடிப் பாதை போடப் போனால் முப்பது சூத்திரம் எழுத வேண்டியிருக்கும். எங்காவது ஒன்றில் குறி மாறிப் போகும்.

விண்டோஸ் எண்ணை 10000000 ஆல் வகுத்து 11644473600 ஐக் கழியுங்கள். 127484963330000000 என்பது 12748496333 ஆகி, பிறகு 1104022733 ஆகும். அந்தப் பெரிய எண் எங்கிருந்து வந்தது? 1601 க்கும் 1970 க்கும் இடையில் 369 வருடம், அதில் 89 லீப் நாள், மொத்தம் 134774 நாள். அதை 86400 ஆல் பெருக்கிப் பாருங்கள். 1904 எண்ணுக்குக் கழிக்க வேண்டியது 2082844800. டொட்நெட்டுக்கு, ஒரு கோடியால் வகுத்தபின், 62135596800. 2001 எண்ணுக்கு மட்டும் கூட்ட வேண்டும்: 978307200.

எக்செலுக்கு 25569 ஐக் கழித்து 86400 ஆல் பெருக்குங்கள். 25569 என்பது 1970 ஜனவரி 1 க்கு எக்செல் தரும் எண். 1900 ஐ லீப் வருடம் என்று எக்செல் நினைப்பதால் 1900 மார்ச்சுக்கு முந்திய திகதிகள் ஒரு நாள் பிசகும். நமக்கு அது பாதிப்பில்லை. பழைய மக்கில் உருவான சில எக்செல் கோப்புகள் 1904 இலிருந்து எண்ணுவதுதான் பாதிப்பு: எல்லாத் திகதியும் 1462 நாள் பின்னால் போய் நிற்கும். அதோடு, நான்கு தசமத்துக்கு மட்டந்தட்டிய எக்செல் நேரம் ஏறக்குறைய நான்கு செக்கன் வரை விலகலாம். முழுத் தசமமும் வேண்டும் என்று தருபவரிடம் கேட்டு வாங்குங்கள்.

மெமரி கார்டின் இரண்டு சின்ன எண்கள்

12698, 14170 என்ற சோடி வேறு சாதி. அதில் எண்ணிக்கை எதுவும் இல்லை. வருடம், மாதம், நாள், மணி, நிமிடம், செக்கன் எல்லாம் தனித்தனியாகப் பிட்டுகளில் அடைக்கப்பட்டிருக்கின்றன. டொஸ் காலத்து வடிவம். ஃபட் (FAT) என்ற கோப்பு முறையில் அமைந்த கார்ட்களிலும் சுருக்கிய சிப் (zip) கோப்புகளிலும் இன்றுவரை உயிரோடு இருக்கிறது.

12698 ஐ 512 ஆல் வகுத்தால் ஈவு 24. 1980 உடன் கூட்டினால் 2004. மீதி 410. அதை 32 ஆல் வகுத்தால் 12, அதுதான் மாதம். மீதி 26, அதுதான் நாள். 14170 ஐ 2048 ஆல் வகுத்தால் 6 மணி; மீதி 1882 ஐ 32 ஆல் வகுத்தால் 58 நிமிடம்; மீதி 26. செக்கனுக்கு ஐந்து பிட் மட்டுமே ஒதுக்கியதால் 31 க்கு மேல் எழுத முடியாது. எனவே பாதியாக்கி வைத்திருக்கிறார்கள். 26 இன் இருமடங்கு 52. நம்முடைய 53 ஆவது செக்கன் காணாமல் போனது இதனால்தான். இரண்டு கோப்புகளின் நேரத்தை ஒப்பிடும் நிரல் எழுதினால், ஒன்று ஃபட் கார்டிலும் மற்றது வன்தட்டிலும் இருக்கும்போது இரண்டு செக்கன் வித்தியாசத்தை மன்னித்துவிடுங்கள். இல்லாவிட்டால் மாறாத கோப்பையும் மாறியது என்று சொல்லி ஒவ்வொரு தடவையும் முழுக் கார்டையும் திரும்பப் பிரதி எடுத்துக்கொண்டிருக்கும்.

இந்தச் சோடியில் கவனியுங்கள்: யூடிசி இல்லை. கமெராவின் கடிகாரம் என்ன காட்டியதோ அதுவே எழுதப்பட்டது. எந்த நேரவலயம் என்று ஒரு பிட்கூடச் சொல்லவில்லை. அந்தக் கார்டை லண்டனில் இருக்கும் மருமகன் தன் கணினியில் செருகினால், காலை 10 மணிப் படத்தை லண்டன் காலை 10 மணி என்றே கணினி எடுத்துக்கொள்ளும். வன்தட்டுக்குப் பிரதி எடுக்கும்போது அது யூடிசி ஆகி உறைந்துவிடும். பிறகு அதே வன்தட்டு திருகோணமலைக்கு வந்தால் படம் பிற்பகலில் எடுத்ததுபோலத் தெரியும். லண்டனின் குளிர்காலத்தில் ஐந்தரை மணித்தியாலமும் கோடையில் நாலரை மணித்தியாலமும் தள்ளி நிற்கும். படத்தின் உள்ளே கமெரா எழுதும் எக்சிஃப் நேரம் இப்படிப் பிரதி எடுக்கும்போது மாறாது என்பதால், இருந்தால் அதையே நம்புங்கள். ஆனால் அதுவும் பழைய கமெராக்களில் நேரவலயம் இல்லாத வெறும் கடிகார நேரம்தான்.

இலங்கைக் கடிகாரத்தின் அந்தப் பத்து வருடங்கள்

யூடிசியை உள்ளூர் நேரமாக்க இங்கே எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு 5 மணி 30 நிமிடம் கூட்டுகிறார்கள். நம்முடைய கணத்துக்குக் கூட்டிப் பாருங்கள்: 06:28:53. பிழை. அன்றைக்கு இங்கே சுவரில் இருந்த கடிகாரம் 06:58:53 காட்டியது.

1996 இல் மின்சாரத் தட்டுப்பாடு வந்தபோது, மே 25 ஆம் திகதி நள்ளிரவு நாடு முழுவதும் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னால் தள்ளச் சொன்னார்கள். யூடிசியிலிருந்து ஆறரை மணித்தியாலம். ஒக்டோபர் 26 அதிகாலை அரை மணித்தியாலம் பின்வாங்கி ஆறு மணித்தியாலமானது. 2006 ஏப்ரல் 15, புத்தாண்டுக்கு அடுத்த நாள், 00:30 க்கு மறுபடி அரை மணித்தியாலம் பின்னே போய்ப் பழைய ஐந்தரைக்கே வந்து சேர்ந்தது. இடையில் கிடந்த பத்து வருடத்துக் கோப்புகளுக்கு ஐந்தரை கூட்டினால் ஒவ்வொன்றும் குறைந்தது அரை மணித்தியாலம் பிழைக்கும்.

திருகோணமலை மாவட்டத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகளில் இந்த மாற்றத்தை ஏற்கவில்லை. பழைய நேரமே ஓடியது. நகரத்தில் ஏழு மணி என்றால் குடாவுக்கு அப்பால் சம்பூர்ப் பக்கம் ஆறரை. அந்தக் காலத்து வெறும் கடிகார நேரம் கொண்ட படம் ஒன்று கிடைத்தால், எந்த நேரவலயத் தரவுத்தளமும் இதற்கு விடை தராது. கமெரா யாருடையது, எந்தப் பக்கம் இருந்தது என்று ஆளைக் கேட்டுத்தான் அறிய வேண்டும். கேட்டதைக் கோப்புப் பட்டியலில் தனிப் பத்தியாக எழுதிவையுங்கள்.

மற்ற எல்லாவற்றுக்கும் வழி சுலபம். 5.5 என்ற எண்ணை நிரலில் எங்கும் எழுதாதீர்கள். ‘ஆசியா/கொழும்பு’ என்ற நேரவலயப் பெயரைக் கொடுங்கள். எந்தத் திகதிக்கு எவ்வளவு கூட்ட வேண்டும் என்பது தரவுத்தளத்துக்குத் தெரியும். இணையத்தில் கிடைக்கும் உதாரணங்கள் பல இந்தியாவில் எழுதப்பட்டவை. அவற்றில் ‘ஆசியா/கொல்கத்தா’ என்று இருக்கும். இன்றைய திகதிகளுக்கு இரண்டும் ஒரே விடைதான் தரும், அதனால் சோதித்தாலும் பிடிபடாது. 2004 ஐக் கொடுத்துச் சோதியுங்கள். அரை மணித்தியாலம் வெளியே வரும்.

2006 ஏப்ரல் 15 அன்று 00:00 முதல் 00:30 வரையான அரை மணித்தியாலம் இரண்டு தடவை வந்தது. அந்த 00:10 எந்த 00:10? பைதனில் இதற்கென்றே ‘ஃபோல்ட்’ என்ற ஒரு குறி உண்டு. பூச்சியம் என்றால் முதலாவது, ஒன்று என்றால் இரண்டாவது. 1996 மே 25 இலோ 00:00 முதல் 01:00 வரை ஒரு மணித்தியாலம் இருக்கவே இல்லை. சோதனைத் தரவுகளில் இந்த இரண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நிரலாக எழுதும்போது

எந்த மொழியில் எழுதினாலும் ஒழுங்கு இதுதான்: படித்த எண்ணை முழு எண்ணாகவே வைத்திருங்கள், யுனிக்ஸுக்கு மாற்றுங்கள், யூடிசி என்று முத்திரையிட்ட நேரமாக ஆக்குங்கள், திரையில் காட்டும் கடைசி வரியில் மட்டும் கொழும்பு நேரமாக்குங்கள். ஃபட், எக்செல், எக்சிஃப் போன்ற வெறும் கடிகார நேரங்களுக்கு மட்டும் நேரவலயத்தை வாசலிலேயே ஒட்டி யூடிசி ஆக்கிவிட்டு உள்ளே விடுங்கள். மேலே உள்ள எக்செல் எண்ணைச் சூத்திரத்தில் போட்டால் 1104022733 வராது. ஆறு மணித்தியாலம், அதாவது 21600 செக்கன், கூடுதலாக வரும். அது இதனால்தான்.

பைதனில் டேட்டைம் தொகுதியும், 3.9 பதிப்பிலிருந்து கூடவே வரும் சோன்இன்ஃபோவும் போதும். விண்டோஸில் நேரவலயத் தரவுப் பொதியைத் தனியாக நிறுவ வேண்டும். பழைய பாடக் குறிப்புகளில் வரும் ‘யூடிசி ஃப்ரம் டைம்ஸ்டாம்ப்’ என்ற செயற்பாட்டை விட்டுவிடுங்கள். அது நேரவலயம் ஒட்டாத நேரத்தைத் தருகிறது, 3.12 இல் கைவிடத் தக்கது என்று அறிவித்தும்விட்டார்கள்.

தசம எண்ணாக வைத்திருப்பதில் ஒரு பொறி இருக்கிறது. 64 பிட் மிதவை எண் சரியாகத் தாங்குவது ஏறக்குறைய 9007 இலட்சம் கோடி வரைதான், அதாவது 16 இலக்கம். விண்டோஸின் 18 இலக்கத்தை அதற்குள் திணித்தால் கடைசி இலக்கங்கள் சத்தமில்லாமல் மாறும். ஜாவாஸ்கிறிப்டில் சாதாரண எண்ணே மிதவை எண் என்பதால் அங்கே பிக்இன்ட் வகையைப் பயன்படுத்துங்கள். இதைவிட மோசம் எக்செல். 18 இலக்க எண்கள் கொண்ட சிஎஸ்வி கோப்பை (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துப் பட்டியல்) ‘சும்மா ஒருக்கால் பார்ப்போம்’ என்று எக்செலில் திறந்து சேமித்தால் 1.27485 ஈ 17 என்று திரையில் தெரிந்ததே கோப்பிலும் எழுதப்பட்டுவிடும். போன இலக்கங்கள் திரும்பி வராது. சிஎஸ்வியைப் பார்க்க நோட்பேட் போதும்.

1970 க்கு முந்திய நேரம் எதிர்மறை எண்ணாக வரும். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தில் குண்டு போட்ட நாளை ஆவணப்படங்களுக்குத் திகதியாக இடப்போனால் இது வரும். பைதனின் முழு வகுத்தல் கீழ்நோக்கி இறங்கும், சி மொழியில் பூச்சியத்தை நோக்கி வெட்டும். அதனால் நாள் ஒன்று தப்பலாம். 1970 ஜனவரி 1 ஐ எடுத்து அதோடு செக்கன்களைக் கால இடைவெளியாகக் கூட்டினால் இரண்டு பக்கமும் சரியாக வரும்.

பிழையான வருடமே பிழையைச் சொல்லும்

விடை விசித்திரமான வருடத்தில் வந்தால் பதறாமல் அந்த வருடத்தைப் பாருங்கள். இன்றைய காலத்து நேரம் 1970 ஜனவரி 20, 21 வாக்கில் வந்தால் செக்கனை மில்லிசெக்கனாக எடுத்திருக்கிறீர்கள். ஐம்பதாயிரத்தைத் தாண்டிய வருடம் என்றால் அதன் தலைகீழ். உண்மை வருடத்திலிருந்து 369 தள்ளி 2373, 2394 என்று நின்றால் விண்டோஸின் 11644473600 ஐக் கழிக்க மறந்திருக்கிறீர்கள். 66 வருடம் தள்ளியிருந்தால் 1904. சரியாக 1970 ஜனவரி 1 காலை 5:30 என்று வந்தால் அங்கே நேரமே இல்லை. பூச்சியம் இருந்தது, நீங்கள் அதை நேரமாக வாசித்தீர்கள். சிப் கோப்புகளில் அதே வெறுமை 1980 ஆகத் தெரியும். வீடியோவில் 1904.

வருடம் சரி, ஐந்தரை மணித்தியாலம் மட்டும் தப்பு என்றால் யூடிசியை உள்ளூர் நேரமாகவோ உள்ளூரை யூடிசியாகவோ எடுத்திருக்கிறீர்கள். பதினொரு மணித்தியாலம் தப்பு என்றால் எதிர்த் திசையில் மாற்றியிருக்கிறீர்கள். எம்பி4 இல் இது அடிக்கடி வரும். உள்ளே யூடிசி எழுத வேண்டும் என்பது விதி, பல கமெராக்கள் அதை மதிக்காமல் உள்ளூர் நேரத்தை எழுதுகின்றன. அதே கமெராவில் எடுத்த ஒரு படத்தையும் வீடியோவையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு, கமெராவுக்கு ஒரு திருத்தம் என்று தீர்மானியுங்கள்.

32 பிட்டில் நேரத்தை வைத்திருக்கும் பழைய நிரல் கைக்கு வந்தால் 2038 ஜனவரி 19, இலங்கை நேரம் காலை 8:44:07 வரைதான் அது ஓடும். அடுத்த செக்கன் 1901 க்குத் தாவும். 1904 கணக்கின் 32 பிட் எல்லை 2040 பெப்ரவரி.

கோப்பில் எந்த நேரத்தை எடுப்பது

ஒரே கோப்புக்கு மூன்று நான்கு நேரங்கள் இருக்கும். படங்களை அடுக்க, உள்ளடக்கம் கடைசியாக மாறிய நேரத்தையே எடுங்கள். உருவாக்கிய நேரம் பயன்படாது: விண்டோஸில் பிரதி எடுத்தால் பிரதி எடுத்த கணமே புதிய ‘உருவாக்கிய நேரம்’ ஆகிவிடும், அதனால் உருவாகுவதற்கு முன்பே மாறிய கோப்புகளைப் பார்ப்பீர்கள். லினக்ஸின் ‘சிடைம்’ உருவாக்கிய நேரமே அல்ல. பெயர், அனுமதி, உள்ளடக்கம் எது மாறினாலும் அது மாறும்.

திருத்திய நேரத்தைக் கோப்பிலேயே திரும்ப எழுதுவதானால் முதலில் பழைய நேரத்தை ஒரு பட்டியலில் எழுதிவைத்துவிட்டு, பிரதியில் மட்டும் கை வையுங்கள். லினக்ஸில் டச் கட்டளையும் பைதனில் யூடைம் செயற்பாடும் மாறிய நேரத்தையும் அணுகிய நேரத்தையும் மாற்றும். விண்டோஸின் உருவாக்கிய நேரத்தை யூடைமால் தொட முடியாது; அதற்குப் பவர்ஷெல்லைப் பயன்படுத்துங்கள். எழுதி முடிந்ததும் கோப்பைத் திரும்ப வாசித்து நீங்கள் கொடுத்த எண்ணோடு ஒப்பிடுங்கள். இலக்கு ஒரு ஃபட் பென்ட்ரைவ் என்றால் ஒற்றைப்படைச் செக்கன்கள் எல்லாம் இரட்டைப்படையாகியிருக்கும். அது உங்கள் நிரலின் பிழையல்ல.